'பிரெஞ்ச் லீவ்' எங்கள் ஊரிலிருந்து வந்த சொல்லா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் புதுச்சேரி. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாகத் தகவல் வந்ததும், கையில் கிடைத்த துணிகளை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டேன். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பியபோது, மூன்று நாட்கள் நான் 'பிரெஞ்ச் லீவ்' எடுத்ததாகவும் ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் ஒரு மெமோ மேசைமேல் இருந்தது. "பாண்டிச்சேரிக்காரி லீவு எடுத்தால் அது பிரெஞ்ச் லீவ்தானே, உங்கள் ஊர் வெள்ளைக்காரன் வேலைக்கு மட்டம் போட்டதால் வந்த வார்த்தைதானே அது" என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இந்தத் தொடருக்கு உண்மையில் என்ன பொருள்? எங்கிருந்து வந்தது? இதற்கு நான் எப்படிப் பதில் எழுத வேண்டும்?

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மா விரைவில் எழுந்து நடமாட வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். அலுவலகக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பதும், அவற்றை எழுதக் கற்றுத்தருவதும் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் தொழில். 'பிரெஞ்ச் லீவ்' என்ற தொடர் இடம்பெற்ற மெமோக்களை இந்தக் காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை எழுதியவரும் பெற்றவரும் ஒரே பொருளில் புரிந்துகொண்டதாக ஒரு நிகழ்ச்சிகூட நினைவில் இல்லை. உங்கள் மெமோவிலும் அதுதான் நடந்திருக்கிறது என்று கருதுகிறேன்.

நம் நாட்டு அலுவலகங்களில் இன்று இந்தத் தொடருக்கு வழங்கும் பொருள், முன்கூட்டி விண்ணப்பிக்காமலும் அனுமதி பெறாமலும் வேலைக்கு வராமல் இருப்பது என்பதாகும். ஆனால் அது பிறந்தபோது வேலையோடும் வருகைப் பதிவேட்டோடும் அதற்குத் தொடர்பே இல்லை. விருந்துக்குப் போன வீட்டில், விருந்தளித்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவதே அதன் முதற்பொருள். 'சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்' என்று நாம் சொல்கிறோமே, அதே செய்திதான்.

இந்தத் தொடரில் எல்லோருடைய கண்ணும் 'பிரெஞ்ச்' என்ற சொல்லின்மேல்தான் விழுகிறது. நான் உங்களைச் சற்று நின்று பார்க்கச் சொல்வது 'லீவ்' என்ற சொல்லை. ஆங்கிலத்தில் 'லீவ்' என்ற ஒலிப்பில் இரண்டு தனித்தனிச் சொற்கள் கலந்து கிடக்கின்றன. 'விட்டுச் செல்' என்று பொருள்படும் வினைச்சொல் ஒன்று. விடுப்பைக் குறிக்கும் பெயர்ச்சொல் இன்னொன்று. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்று என் மாணவர்களில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் அவை வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து ஒலியில் மட்டும் ஒன்றாகிப்போனவை. பெயர்ச்சொல்லான 'லீவ்' பழைய ஆங்கிலத்தில் 'அனுமதி' என்ற ஒரே பொருளைத்தான் கொண்டிருந்தது. 'டேக் லீவ்' என்றால் புறப்பட அனுமதி பெற்றுக்கொள்வது என்றே பொருள். இந்த வேரின் உறவுச் சொற்கள் ஐரோப்பாவெங்கும் இருக்கின்றன. ஜெர்மானியர் விடுமுறையைக் குறிக்கும் 'ஊர்லாப்' என்ற சொல்லும், டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பட்டாளத்திலும் இன்று சிறைச்சாலைகளிலும் வழங்கும் 'ஃபர்லோ' என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பிரெஞ்சுக்காரர்கள் விடுப்பைக் 'கோஞ்ஜே' என்பார்கள். அது வேறு வேரைச் சேர்ந்தது என்றாலும், அதன் மூலமான லத்தீன் சொல் ரோமானியப் படைவீரன் முகாமைவிட்டுச் செல்லப் பெற்ற அனுமதியைக் குறித்தது. ஆக, எந்தப் பக்கம் போனாலும் விடுப்பு என்பது ஒருவர் கேட்க, இன்னொருவர் கொடுப்பது.

தமிழில் இது இன்னும் தெளிவாக இருக்கிறது. 'விடு' என்ற வேரிலிருந்தே விடுப்பும் விடுமுறையும் விடையும் கிளைத்திருக்கின்றன. விடை என்பது இன்று கேள்விக்கான பதில் என்றே பலர் மனத்தில் நிற்கிறது. ஆனால் 'விடைபெறுதல்', 'விடைகொடுத்தல்' என்னும்போது அது புறப்படுவதற்கான இசைவைத்தான் குறிக்கிறது. கம்பராமாயணத்தின் யுத்த காண்டம் முடிவது 'விடை கொடுத்த படல'த்தில். முடிசூடிய இராமன் தனக்காகப் போரிட்ட ஒவ்வொருவரையும் சிறப்புச் செய்து ஊருக்கு அனுப்பிவைக்கும் பகுதி அது. அவர்கள் தாமாகக் கிளம்பிவிடவில்லை. விடை கொடுக்கப்பட்டது, பெற்றுக்கொண்டார்கள். நம் வீடுகளில் வாசற்படியில் நின்று "போயிட்டு வர்றேன்" என்று சொல்லி, உள்ளேயிருந்து "சரி, போயிட்டு வா" என்ற குரல் கேட்கும்வரை செருப்பை மாட்டாமல் நிற்கும் வழக்கமும் இதுவேதான். ஐந்தாம் வகுப்பில் எழுதப் பழகிய விடுப்புக் கடிதத்தில் 'விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரியைத் தேய்ந்துபோன சடங்காக நாம் எழுதுகிறோம். சொல்லின் உள்ளே இருக்கும் பொருளை அப்படியே எடுத்து வைக்கும் வரி அது.

எனவே 'பிரெஞ்ச் லீவ்' என்ற தொடரில் ஒரு முரண் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. விடைபெறாமல் போனதையே ஒருவகை விடைபெறுதலாகச் சொல்வது அது. அடுத்த வீட்டானைக் கிண்டல் செய்யும் பேச்சுமொழியில் பிறந்த தொடர் என்பது இந்த அமைப்பிலேயே தெரிகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இது புழக்கத்தில் இருந்ததற்குத் தெளிவான அச்சுச் சான்றுகள் உண்டு. 1771இல் வெளிவந்த டோபயாஸ் ஸ்மாலெட்டின் 'ஹம்ஃப்ரி கிளிங்கர்' என்ற கடித வடிவ நாவலில், எழுத்துப் பிழைகள் மலிந்த ஒரு பணிப்பெண்ணின் கடிதம் வருகிறது. தன்னோடு பழகிவந்த வேலைக்காரன் ஒருவன், இன்னொருவனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணை அழைத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்றும், தன்னிடமும் எசமானரிடமும் 'பிரெஞ்ச் லீவ்' எடுத்துக்கொண்டான் என்றும் அவள் எழுதுகிறாள். இந்த ஒரு வாக்கியத்திலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. படிப்பறிவு குறைந்த ஒரு பணிப்பெண்ணின் வாயில் நாவலாசிரியர் இதை வைக்கிறார் என்றால், 1771இல் இது எல்லோருக்கும் தெரிந்த தெருப்பேச்சு. மேலும், எசமானரிடம் சொல்லாமல் வேலையை விட்டுப் போனவனுக்கும் இந்தச் சொல் அன்றே பொருந்தியிருக்கிறது. இன்றைய அலுவலகப் பொருளின் விதை அங்கேயே இருக்கிறது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1785இல், ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர் லண்டன் தெருக்களிலும் மதுக்கடைகளிலும் படைமுகாம்களிலும் வழங்கிய கொச்சைச் சொற்களுக்கு ஓர் அகராதி வெளியிட்டார். அதில் 'பிரெஞ்ச் லீவ்' தனிப் பதிவாகவே இருக்கிறது. கூடியிருப்பவர்களிடம் விடைபெறாமல் போய்விடுவது என்று பொருள் தந்துவிட்டு, கடன் கொடுத்தவர்களுக்குத் தெரியாமல் ஓடிப்போனவர்களைப் பற்றி அடிக்கடி சொல்லப்படுவது என்றும் அவர் சேர்க்கிறார். நாம் 'கம்பி நீட்டிவிட்டான்' என்று சொல்லும் இடம் அது. ஆக, அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஒரே தொடர் மூன்று வேலைகளைச் செய்திருக்கிறது: விருந்திலிருந்து நழுவுதல், வேலையிலிருந்து ஓடுதல், கடனிலிருந்து தப்புதல். தமிழில் இந்த மூன்றுக்கும் தனித்தனியே சொல் இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் போனவர் வேறு, மட்டம் போட்டவர் வேறு, கம்பி நீட்டியவர் வேறு. ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இன்னொருவர்மேல் நாம் சொல்வதில்லை. மெமோவில் இந்த ஆங்கிலத் தொடர் ஏன் ஆபத்தானது என்பதை விளக்கும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

ஏன் பிரெஞ்சுக்காரர்கள்மேல் பழி விழுந்தது என்பதற்கு அகராதிக்காரர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம் எளிமையானது. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில், பெரிய விருந்துகளிலிருந்து கிளம்புவோர் விருந்தளிக்கும் சீமானையோ சீமாட்டியையோ தேடிப்போய் விடைபெறாமல் அமைதியாக வெளியேறும் வழக்கம் இருந்தது. ஐம்பது பேர் பேசிக்கொண்டிருக்கும் கூடத்தில் ஒவ்வொருவரும் போய் வீட்டுக்காரரின் பேச்சை இடைமறித்தால் விருந்தே கலைந்துவிடும். ஆகவே சொல்லாமல் போவதை அங்கே இங்கிதமாகவும் கொள்ள இடமிருந்தது. கடல் தாண்டி இருந்த ஆங்கிலேயர் கண்ணுக்கு அதுவே மரியாதைக் குறைவாகப் பட்டது. நம் ஊர்த் திருமண வரவேற்பில் மேடையேற நிற்கும் வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, மொய்க் கவரை உறவினர் கையில் கொடுத்து, தாம்பூலப் பையோடு மெல்ல நழுவியவர்களுக்கு இரு தரப்பு நியாயமும் விளங்கும்.

19ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றிருந்த மரபுத்தொடர் அகராதி ஒன்று வேறு கதை சொல்கிறது. படையெடுத்து வந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஊராரைக் கேட்காமல் வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள், அதிலிருந்தே தொடர் பிறந்தது என்பது அந்தக் கதை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதற்சான்றுகள் எல்லாம் கேட்காமல் போனதைப் பற்றிப் பேசுகின்றன, கேட்காமல் எடுத்ததைப் பற்றி அல்ல. கிடைத்த சொல்லுக்குப் பின்னாளில் பொருத்தமாகக் கட்டிய கதையாகவே அது தோன்றுகிறது.

வழக்கம் ஒருபுறம் இருக்க, பகையும் இந்தச் சொல்லுக்குத் தண்ணீர் ஊற்றியது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குச் சிறந்த சான்று பிரெஞ்சு மொழியிலேயே இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊரில் ஒரு முதியவரிடம் பிரெஞ்சு படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் வகுப்பு முடியும் முன்பே ஒரு மாணவர் பின்வாசல் வழியாக நழுவியபோது, அவர் கண்ணாடியை மூக்குக்குக் கீழே இறக்கி, 'ஃபிலே ஆ லாங்க்ளேஸ்' என்றார். எழுதிக்கொண்டு பொருள் கேட்டேன். 'ஆங்கிலேயன்போல நழுவுதல்' என்று விளக்கினார். ஆங்கிலத்தில் இதற்குப் 'பிரெஞ்ச் லீவ்' என்று பெயர் என நான் சொன்னதும், பலகையில் இரண்டையும் எதிரெதிரே எழுதி நடுவில் ஒரு கோடு போட்டார்; "இந்தக் கோடுதான் ஆங்கிலக் கால்வாய்" என்றார். அந்தப் பலகை இன்னும் என் கண்முன் நிற்கிறது.

பிற மொழிகளையும் கேட்டால் விஷயம் இன்னும் சுவையாகிறது. ஸ்பானியர்களும் போர்ச்சுகீசியர்களும் ஆங்கிலேயர்போலவே பிரெஞ்சுக்காரரைச் சொல்கிறார்கள். ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சு முறையில் விடைபெறுவது என்ற வழக்கு உண்டு. இத்தாலியர், போலந்துக்காரர், ரஷ்யர், ஹங்கேரியர் ஆகியோரோ பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து பழியை ஆங்கிலேயர்மேல் போடுகிறார்கள். அமெரிக்காவில் இன்று இளைஞர்கள் இதையே 'ஐரிஷ் குட்பை' என்பார்கள். ஐரோப்பா முழுவதும் ஒரே செயல். சொல்லில் இடம்பெறும் அயலான் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறான்.

அயலான்மேல் பெயர் சூட்டும் இந்தப் பழக்கத்துக்கு நாமும் விலக்கல்ல. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் ஐரோப்பாவில் பரவியபோது, இத்தாலியரும் ஆங்கிலேயரும் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். அது இந்தியாவுக்கு வந்ததும் தமிழில் 'பரங்கிப் புண்' ஆனது. பரங்கி என்ற சொல் பாரசீகம் வழியாக நம்மிடம் வந்தது; அதன் மூலம் 'ஃபிராங்க்' என்ற இனப்பெயர், பிரான்சு என்ற நாட்டுப்பெயருக்கும் அதுவே மூலம். பரங்கிப்பேட்டையிலும் பரங்கிக்காயிலும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பெயர்தான். அதை இன்று சொல்லும்போது நாம் யாரையும் இழிவுபடுத்த எண்ணுவதில்லை. 'பிரெஞ்ச் லீவ்' என்று எழுதும் பெரும்பாலோரும் பிரெஞ்சுக்காரரை நினைப்பதில்லை.

புதுச்சேரிக் கதைக்கு இப்போது விடை சொல்லிவிடலாம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் மண்ணில் மோதிக்கொண்டது உண்மை. 1746இல் பிரெஞ்சுப்படை சென்னையைப் பிடித்தது. 1760இல் வந்தவாசியில் தோற்றது. 1761 ஜனவரியில் புதுச்சேரியே ஆங்கிலேயர் கைக்குப் போய், கோட்டையும் நகரமும் இடிக்கப்பட்டன. ஸ்மாலெட் தன் பணிப்பெண்ணின் கடிதத்தை எழுதியது அதற்குப் பத்தாண்டுக்குப் பிறகு என்பதால், இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தக் கடிதமும் குரோஸின் அகராதியும் பேசுவது இங்கிலாந்தின் வீடுகளையும் தெருக்களையும் பற்றி. புதுச்சேரி அலுவலகங்களைப் பற்றியோ அங்கு வேலை செய்த பிரெஞ்சுக்காரர்களைப் பற்றியோ அவற்றில் ஒரு சொல்கூட இல்லை. ஸ்பானிய மொழியும் ஜெர்மன் மொழியும் இதே வழக்கைக் கொண்டிருப்பதும், மூலம் ஐரோப்பாவிலேயே இருந்தது என்பதையே காட்டுகிறது. உங்கள் ஊரின் பெயரை இதில் இழுப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று உடன் பணியாற்றுபவர்களிடம் உறுதியாகவே சொல்லுங்கள்.

பொருள் எப்படி விருந்துக் கூடத்திலிருந்து அலுவலகத்துக்கு வந்தது என்பதைக் காட்ட இன்னொரு இடத்தையும் சொல்ல விரும்புகிறேன். 1883இல் நூலாக வெளிவந்த 'டிரஷர் ஐலண்ட்' கதையைப் பள்ளியில் சுருக்கப் பதிப்பிலாவது படித்திருப்பீர்கள். மரக்கோட்டைக்குள் இருக்கும் சிறுவன் ஜிம் வெளியே போக ஆசைப்படுகிறான். கேட்டால் விடமாட்டார்கள் என்பது தெரியும். எனவே யாரும் பார்க்காத நேரத்தில் 'பிரெஞ்ச் லீவ்' எடுத்துக்கொண்டு நழுவுவதே வழி என்று முடிவுசெய்கிறான். அடுத்து அவன் சொல்வதுதான் முக்கியம்: அப்படிச் செய்த விதம், செய்த காரியத்தையே தவறாக்கிவிட்டது என்கிறான். இந்தத் தொடர் சுமத்தும் குற்றம் என்ன என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. போனது குற்றமில்லாமல் இருக்கலாம். கேட்டால் மறுப்பார்கள் என்று தெரிந்தே கேட்காமல் போனது குற்றம். அதில் மறைப்பு இருக்கிறது, ஏமாற்று இருக்கிறது.

படைத்துறையில் இதே செயலுக்கு இப்போது வழங்குவது 'ஏவால்' என்ற சுருக்கம். விடுப்பின்றி வராதிருத்தல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. இந்தியத் தரைப்படைச் சட்டம், 1950, படையைவிட்டு ஓடிப்போவதை 38ஆம் பிரிவிலும், விடுப்பின்றி வராதிருப்பதை 39ஆம் பிரிவிலும் தனித்தனியே வைத்திருக்கிறது. முன்னதில் திரும்பிவரும் எண்ணம் இல்லை என்பதே பெரிய வேறுபாடு. ஒருவருடைய மனத்தில் என்ன இருந்தது என்பதைச் சட்டம் எவ்வளவு கவனமாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அதே சட்டம் ஓரிடத்திலும் 'பிரெஞ்ச் லீவ்' என்று எழுதாது.

உங்கள் மெமோவில் இருக்கும் பிழையும் இதுதான். 'முன் அனுமதியின்றி மூன்று நாட்கள் வேலைக்கு வரவில்லை' என்று எழுதியிருந்தால், அது நடந்ததைச் சொல்லும் வாக்கியம்; நீங்கள் ஆம் என்றோ, காரணம் இன்னது என்றோ பதில் சொல்லிவிடலாம். 'பிரெஞ்ச் லீவ் எடுத்தீர்கள்' என்பதோ நடந்ததையும் நோக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ஒருவர் அதைப் படித்துவிட்டு 'விண்ணப்பம் வரவில்லை' என்று மட்டும் புரிந்துகொள்வார். இன்னொருவர் 'தெரிந்தே மறைத்துவிட்டு மட்டம் போட்டார்' என்று எடுத்துக்கொள்வார். பேச்சில் இது பெரிதில்லை. உங்கள் பணிக்கோப்பில் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகும் காகிதத்தில் இந்தத் தெளிவின்மை இருக்கக்கூடாது. தொழிற்சாலைகளுக்கான 1946ஆம் ஆண்டின் மத்திய மாதிரி நிலையாணைகளும் (பணி ஒழுங்குக்கான மாதிரி விதிகள்), விடுப்பின்றி வராதிருத்தல் என்று நேராகத்தான் எழுதின. அதை வழக்கமாகவே செய்வதையும், பத்து நாட்களுக்கு மேல் வராதிருப்பதையுமே ஒழுங்கீனமாகக் குறிப்பிட்டன.

நான் வழக்கறிஞர் அல்லேன். ஆனால் சொல்லோடு தொடர்புடையது என்பதால் ஒரு தீர்ப்பை வகுப்பில் எப்போதும் மேற்கோள் காட்டுவேன். 2012இல், கிருஷ்ணகாந்த் பர்மார் என்ற மத்திய அரசு ஊழியரின் வழக்கில், அனுமதியின்றி வராதிருப்பது எல்லா நேரமும் வேண்டுமென்றே வராதிருப்பது ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நோய், விபத்து, மருத்துவமனையில் சேர்த்தல் போன்ற, தன் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களாலும் ஒருவர் வராமல் இருக்க நேரலாம் என்பதை அது ஏற்றுக்கொண்டது. அது அரசு ஊழியர்மீதான துறை நடவடிக்கை பற்றிய வழக்கு. உங்கள் நிறுவனத்துக்கு அப்படியே பொருந்துமா என்பதை, தேவைப்பட்டால், தொழிலாளர் சட்டம் அறிந்தவரிடம் கேளுங்கள். எழுதும்போது நீங்கள் மனத்தில் வைக்க வேண்டியது 'அனுமதியின்றி' என்பதும் 'வேண்டுமென்றே' என்பதும் இரண்டு வேறு சொற்கள் என்பதைத்தான். முதலாவதை நேர்மையாக ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டாவதைத் தெளிவாக மறுத்துவிடுங்கள்.

பதற்றத்தில் பலர் செய்யும் தவறு, மெமோவில் உள்ள சொல்லையே பதிலிலும் திருப்பி எழுதுவது. 'என் தாயார் விழுந்துவிட்டதால் பிரெஞ்ச் லீவ் எடுக்க நேர்ந்தது, மன்னிக்கவும்' என்று எழுதினால், அந்தச் சொல்லில் இருக்கும் மறைப்புக் குற்றத்தையும் நீங்களே கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஓர் ஆலைப் பணியாளர் இப்படி எழுதிய பதிலை எட்டு மாதம் கழித்து என்னிடம் கொண்டுவந்தார்; அவருடைய ஊதிய உயர்வு நின்றுபோயிருந்தது, கோப்பில் அவருடைய கையெழுத்தே அவருக்கு எதிர்ச்சாட்சியாக இருந்தது. அதுபோலவே, தொடரின் வரலாற்றை விளக்கி மேலதிகாரிக்கு ஆங்கிலம் கற்றுத்தரவும் முயல வேண்டாம். இந்தப் பதிலில் நான் எழுதியதெல்லாம் உங்கள் மனத்தெளிவுக்கும், கேலி பேசுபவர்களுக்குச் சொல்வதற்கும். விளக்கக் கடிதத்துக்கு அல்ல.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். மெமோ ஆங்கிலத்தில் இருப்பதால் பதிலும் ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. தமிழில் இந்த அமைப்பை வைத்துக்கொண்டு சிறு சிறு வாக்கியங்களாக மாற்றிக்கொள்ளுங்கள்:

"மேற்கண்ட மெமோவைப் பெற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவு என் தாயார் வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததால், அன்றிரவே நான் புதுச்சேரிக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. இரவு நேரமாக இருந்ததால் முன்னதாக எழுத்து மூலம் விடுப்புக்கு விண்ணப்பிக்க இயலவில்லை. திங்கட்கிழமை காலை 9.30 மணிக்கு என் மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப் மூலம் தகவல் தெரிவித்தேன். திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாட்களும் என் தாயாருடன் மருத்துவமனையில் இருந்தேன். என் வருகையின்மை தவிர்க்க முடியாத காரணத்தால் நேர்ந்தது. தகவல் தெரிவிக்காமல் இருக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. மருத்துவமனை அனுமதிச் சீட்டின் நகலையும் செய்தியின் நகலையும் இணைத்துள்ளேன். இந்த மூன்று நாட்களையும் என் கணக்கில் உள்ள விடுப்பாக முறைப்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நடந்தது பிந்திப்போனாலும், விடுப்பை நீங்கள் இப்போது முறைப்படி கேட்கிறீர்கள் என்பதை அந்த ஒரு வரியே காட்டுகிறது. தேதிகளை எண்ணால் எழுதுங்கள். நிறுவனத்தின் வேலை நேரம் காலை 9 மணிக்கே தொடங்குமானால், செய்தி அரை மணி நேரம் பிந்தியது என்பதை மறைக்க வேண்டாம். பேருந்திலிருந்து இறங்கி, அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தபின் அனுப்பினேன் என்று உள்ளபடி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தியைப் படமெடுக்கும்போது தேதியும் நேரமும், பார்த்ததைக் காட்டும் நீல நிறக் குறிகளும் படத்துக்குள் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மெமோவை எழுதியவர்மேல் வருத்தம் கொள்ள வேண்டாம். முந்தைய மேலாளர் விட்டுப்போன பழைய மெமோவை எடுத்துப் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றித் தருவது பல அலுவலகங்களில் நடைமுறை; இந்தத் தொடர் அப்படித்தான் கோப்பிலிருந்து கோப்புக்குத் தாவிக்கொண்டிருக்கிறது. நேரில் பேச வாய்ப்புக் கிடைத்தால், கோப்பில் 'முன் அனுமதியின்றி வராதிருந்த நாட்கள்' என்று திருத்தி எழுதித் தர முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். அதில் அவருக்கும் இழப்பு எதுவும் இல்லை. ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேலி செய்வது தொடர்ந்தால் மட்டும் அதைத் தனியாக, வேறு கடிதத்தில், மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் விளக்கத்தின் வலு குறைந்துவிடும்.

ஏழு நாள் கெடு மெமோவில் உள்ள தேதியிலிருந்தா, உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தா என்ற கேள்வி எழாதபடி, இரண்டில் முன்னது எதுவோ அதற்குள் கொடுத்துவிடுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தையும் தேதியையும் வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.